இரண்டு வீட்டு இழுப்பு

கனிமொழியின் கை நடுங்குவதை அந்த வீட்டில் முதலில் காட்டிக்கொடுத்தது கோலம்தான். புள்ளிகள் ஒழுங்காகவே விழுந்தன. அவற்றைச் சுற்றிக் கம்பி இழுக்கும்போது மாவு நெளிந்து, சைக்கிள் பழகுகிறவன் ஓட்டிய தடம் மாதிரி ஆனது. மார்கழி மாதம். கடலூர் செம்மண்டலத்தில் அந்தத் தெரு முழுக்கப் பெண்கள் வாசலில் இருந்தார்கள். எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்ப்பதற்குள் காலால் அழித்துவிட்டு மறுபடி போட்டாள். மறுபடியும் நெளிந்தது.

பால் பாக்கெட்டோடு வந்த மாமியார் ஞானாம்பாள் நின்று பார்த்தாள்.

"இழுப்பு ஒடம்ப வச்சிகிட்டு ஏம்மா பனியில குந்திகிட்டிருக்க? எழுந்திரு."

கோலமாவுக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து மருமகள் தலையில் சுற்றிக் காதையும் மூடி உள்ளே அனுப்பினாள். மிச்சக் கோலத்தை அவளே போட்டாள். கண்ணாடி முன்னால் நின்ற கனிமொழிக்கு அந்தத் துண்டுக்குள் வேர்த்தது. பனியால் வந்த நடுக்கம் இல்லை, மாத்திரையால் வந்தது என்று அவளுக்குத் தெரியும். அந்த மாத்திரை எதற்கு என்பதும் அந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அவளுக்குச் சொந்த ஊர் கம்மாபுரம். அப்பா உத்திராபதி நிலக்கரிச் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். சிதம்பரத்தில் விடுதியில் தங்கி எம்.எஸ்சி. கணக்கு முடித்து, இப்போது கடலூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தாள். கணவன் இளவரசு வீடு வீடாகப் போய்த் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின்களைப் பழுது பார்க்கிறவன். அதிர்ந்து பேசாதவன். கல்யாணமாகி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

பத்தாம் வகுப்புப் படிக்கும்போது அவளுக்கு வலிப்பு வந்தது. பிறகு சில முறை. கடைசியாக விடுதியில், ஒரு செமஸ்டர் தேர்வுக்கு முந்திய நாள். அதிலிருந்து மாத்திரை தவறாமல் சாப்பிட்டு வந்ததில் மறுபடி வரவில்லை. இதைக் கல்யாணத்தின்போது மறைத்துவிட்டார்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. சொன்னார்கள். சொன்னதுதான் சிக்கலாகப் போனது.

பெண் பார்க்க வந்த அன்று, காபி கொடுத்து முடித்ததும், உத்திராபதி எழுந்து நின்று சொன்னார். "ஒண்ண மறைக்கக் கூடாதுங்க. பாப்பாவுக்கு இழுப்பு உண்டு. மாத்திர சாப்புடுது. இப்ப ரொம்ப நாளா ஒண்ணும் இல்ல."

கம்மாபுரத்து வீட்டில் கைகால் வெட்டி இழுப்பதற்கு இழுப்பு என்றுதான் பேர். ஞானாம்பாள் வீட்டில் இழுப்பு என்றால் மூச்சு இழுப்பு. வடலூரில் இருக்கும் அவளுடைய அக்கா ரத்தினம்மாள் வருடம் பூராவும் நெஞ்சு கர்கர்ரென்று இழுக்க நடமாடுகிறவள். அதனால் ஞானாம்பாள் சிரித்துவிட்டாள். "இதுக்கா எழுந்து நின்னீங்க சம்பந்தி? எங்கக்கா இழுப்போடவே ஒரு குடும்பத்தக் கரையேத்திட்டா. குந்துங்க."

உள் அறையில் புடவை மடிப்பைப் பிடித்தபடி நின்ற கனிமொழிக்கு அழுகை வந்தது. வலிப்பு என்றால் எழுந்து ஓடுகிற ஊரில் இப்படியும் மனிதர்களா என்று.

கல்யாணம் ஆன வாரத்திலேயே விஷயம் விளங்கிவிட்டது. விருந்தில் எல்லார் இலைக்கும் தயிர் வந்தது. அவள் இலைப் பக்கம் வந்ததும் ஞானாம்பாள் பரிமாறியவளைத் தடுத்தாள். "அதுக்கு வாணாம். இழுப்பு ஜாஸ்தி ஆயிடும்." தயிருக்கும் வலிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்துக்கொண்டிருந்தவள் முன்னால் ஒரு தம்ளரில் தூதுவளை ரசம் வந்து உட்கார்ந்தது. அப்போது புரிந்தது.

அன்றைக்கே அப்பாவுக்குப் போன் செய்தாள். "நான் எல்லாரு முன்னாடியும் சொன்னேன்ல? அவுங்க வேற ஒண்ண நெனச்சிகிட்டா நான் என்னாம்மா பண்ண முடியும்?" என்றார் அவர். அந்தப் பதில் கொஞ்சம் வேகமாக வந்த மாதிரி இருந்தது. தெரிந்தேதான் அந்தச் சொல்லைப் போட்டாரா? கேட்க அவளுக்குத் தைரியம் இல்லை. கேட்டால், அப்படியானால் நீ ஏன் வாயை மூடிக்கொண்டிருக்கிறாய் என்று அவர் திருப்பிக் கேட்கலாம்.

ஆகவே மாத்திரை அட்டையை ஒளிக்க வேண்டிய தேவையே வரவில்லை. பிரிட்ஜ் மேல் எல்லார் கண்ணிலும் படும்படி கிடந்தது. "இழுப்பு மாத்திர போட்டியா?" என்று மாமியாரே தினம் ஞாபகப்படுத்தினாள். பயம் வேறு பக்கமிருந்து வந்தது. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. குளியலறைத் தண்ணீர் போகும் ஓட்டையில் அடைத்துக்கொண்ட முடியை, இளவரசு பார்ப்பதற்கு முன் சுருட்டித் தாளில் மடித்துப் பள்ளிக்கூடக் குப்பைத்தொட்டியில் கொண்டுபோய்ப் போட்டாள். உடம்பு பருத்தது. கல்யாண ஜாக்கெட்டுகளின் உள்தையலைப் பிரித்தாயிற்று, பிறகு பிரிக்கத் துணி இல்லை. கரும்பலகையில் எழுதும் சமன்பாடு மேலும் கீழும் போனது. உடம்பே ஒரு நாள் எல்லாவற்றையும் சொல்லிவிடும் போலிருந்தது.

உடம்பு பருத்ததில் இன்னொரு கேள்வியும் வந்தது. "என்னா, விசேஷமா?" என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாள். ஞானாம்பாள் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குக் கனிமொழி இல்லை என்று தலையாட்டியபோது மாமியார் முகம் போன போக்கை அவள் பார்த்தாள்.

சிதம்பரத்தில்தான் அவளுடைய டாக்டரம்மா இருந்தார். விடுதியில் கூட இருந்த ஜெயராணி கல்யாணமாகி அங்கேயே குடியிருந்தாள். அவளைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். தை பிறந்ததும் ஒரு சனிக்கிழமை பஸ் ஏறினாள். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று ஊர்கள் கடக்கக் கடக்க, டாக்டரிடம் கேட்க வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். கேட்கிற வேலையே வரவில்லை. குழந்தை என்ற சொல் வந்ததுமே டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

இந்த மாத்திரையோடு கர்ப்பம் தரிக்கக் கூடாது, குழந்தையின் முதுகுத்தண்டையும் மூளையையும் அது கெடுக்கலாம் என்றார். வேறு மாத்திரைக்கு மாற வேண்டும். ஒரேயடியாக மாற முடியாது. புதியதை ஏற்றிக்கொண்டே பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். மாறி முடியும்வரை கர்ப்பம் வேண்டாம். நடுவில் பயந்துபோய் நீங்களாக எதையும் நிறுத்திவிடக் கூடாது, அது எல்லாவற்றையும்விட ஆபத்து என்று அழுத்திச் சொன்னார். புது மாத்திரையில் கை நடுங்காது, முடி கொட்டாது. ஆனால் தூக்கம் அசத்தும். சிலருக்குக் கோபம் வரும், அவர்களுடையது இல்லாத கோபம். அப்படி வந்தால் உடனே வந்து சொல்ல வேண்டும்.

"மாத்துற நேரத்துல ஃபிட்ஸ் வந்தாலும் வரலாம். வீட்ல கூட யாரு இருப்பாங்க?"

"மாமியார்."

"அவுங்களுக்கு எல்லாம் தெரியுமில்ல?"

"தெரியும்" என்றாள் கனிமொழி. பக்கத்து நாற்காலியில் இருந்த ஜெயராணி திரும்பி அவளைப் பார்த்தாள்.

வெளியே வந்ததும் ஜெயராணி பிடித்துக்கொண்டாள். "ஒங்க மாமியாருக்கு என்னாடி தெரியும்? ரசம் வைக்கத் தெரியும்." கனிமொழி சிரித்தாள். சிரித்து முடிக்கும்போது இரண்டு பேருக்குமே அது சிரிப்பாக இல்லை. விடுதியில் அவள் விழுந்த அன்று பக்கத்தில் இருந்தவள் ஜெயராணி. அன்றைக்கு என்ன பார்த்தாள் என்பதை ஜெயராணி இதுவரை முழுசாகச் சொன்னதில்லை.

புது மாத்திரை முதலில் தூக்கத்தைக் கொண்டு வந்தது. மதிய வகுப்பில் நின்றுகொண்டே கண் சொருகியது. பிறகு கோபம் வந்தது. பின்வரிசையில் ஒரு பெண் சிரித்தாள் என்று டஸ்டரை மேசையில் அறைந்தாள். மரக்கட்டை பிளந்து போனது. இது அவளுடைய கோபமா, மாத்திரையுடையதா? மாத்திரையுடையது என்றால் ஏன் இவ்வளவு பழக்கமான கோபமாக இருக்கிறது? எத்தனையோ வருடமாக விழுங்கி வைத்ததையெல்லாம் இந்த மாத்திரை வெளியே எடுக்கிறதோ? அப்படியானால் இன்னும் என்னென்ன உள்ளே இருக்கிறது? டாக்டரம்மாவுக்குப் போன் செய்து சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். சொன்னால், வீட்டில் யாரையாவது அழைத்துவா என்பார். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிடும்போது, ஞானாம்பாள் மகனுக்கு மோர் ஊற்றினாள். கனிமொழியின் தட்டைத் தாண்டிப் போய்த் தன் தட்டில் ஊற்றிக்கொண்டாள். தினமும் நடப்பதுதான்.

"எனக்கும் ஊத்துங்க."

"வாணாம்மா, ஒனக்கு இழுப்பு—"

மோர்ச் சட்டியைக் கனிமொழி கையால் தட்டிவிட்டாள். அது உருண்டு போய்ப் பிரிட்ஜில் முட்டியது. "என்னா இழுப்பு? என் இழுப்பப் பத்தி ஒங்களுக்கு என்னா தெரியும்?" அது அவளுடைய குரல் மாதிரியே இல்லை. வேறு யாரோ ஒரு பெண் தனக்குள் எழுந்து நின்று பேசுகிற மாதிரி இருந்தது. இளவரசு பிசைந்த சோற்றோடு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே மாமியார் தரையைத் துடைக்கிற சத்தம் கேட்டது. திட்டுவாள் என்று காத்திருந்தாள். ஞானாம்பாள் மகனிடம் தணிந்த குரலில் சொன்னது கதவு வழியாகக் கேட்டது. "மூச்சு அடைச்சா எங்கக்காவுக்கும் இப்டித்தாண்டா கோவம் வரும். நீ ஒண்ணும் கேக்காத."

திட்டியிருக்கலாம் என்று தோன்றியது கனிமொழிக்கு.

மறுநாள் மாலை அவள் பள்ளியிலிருந்து வந்தபோது ஹாலில் மேசைமேல் ஒரு புதுப் பிளாஸ்க் இருந்தது. பக்கத்தில், ரத்தினம்மாள் வாயில் வைத்து அடித்துக்கொள்கிற மூச்சு பம்ப். காலையில் பஸ் ஏறி வடலூர் போய் அக்காவிடம் உபரியாக இருந்ததை வாங்கி வந்திருந்தாள் ஞானாம்பாள். மருமகளை உட்காரவைத்துப் பெருமையோடு விளக்கினாள்.

"இனிமே நீ பயப்படாத. பிளாஸ்க்குல எப்பவும் வெந்நி இருக்கும். இழுப்பு வந்துச்சின்னா நான் ஒன்ன நிமித்திக் குந்த வச்சி, வாயத் தொறந்து இத ரெண்டு அடி அடிச்சிட்டு, வெந்நிய ஊத்தி வுட்டுகிட்டே இருப்பேன். அக்காவுக்கு எத்தினியோ வாட்டி பண்ணியிருக்கேன். நீ பல்லக் கடிச்சாக்கூட வுட மாட்டேன்."

கனிமொழி பிளாஸ்க்கைப் பார்த்தாள். கிட்டிப்போன பல்லும், அதை நெம்பித் திறக்கிற விரலும், நினைவில்லாத தொண்டைக்குள் இறங்குகிற வெந்நீரும் அவள் கண்ணுக்கு முன்னால் வந்தன. இந்த வீட்டில் அவளை யாரும் கைவிடப் போவதில்லை. அதுதான் ஆபத்து. ஓடி வந்து தாங்கப்போகிற இந்தக் கைதான் அவள் மூச்சை அடைக்கப் போகிறது. இதைவிடப் பெரிய பயம் ஒன்று இத்தனை நாள் இருந்தது, இந்த வீட்டைவிட்டு அனுப்பிவிடுவார்களே என்று. அது இப்போது ஒரு படி கீழே இறங்கியது.

"அத்தை. எனக்கு இருக்கறது மூச்சு இழுப்பு இல்ல. கைகால் இழுப்பு."

ஞானாம்பாளுக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது முகத்தில் ஒன்றும் அசையவில்லை. மேசையிலிருந்த பம்பை எடுத்து, அதன் மூடியைக் கழற்றி, மறுபடி மாட்டினாள்.

"காக்கா வலிப்பா?"

"ஆமாம்."

"ஒங்கப்பா எங்கள ஏமாத்திட்டாரா?"

"தெரியல அத்தை. ஆனா எனக்குத் தெரியும். கல்யாணம் ஆன வாரமே தெரிஞ்சிது, நீங்க வேற நெனச்சிகிட்டீங்கன்னு. நான்தான் சொல்லல."

சொல்ல ஆரம்பித்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். முடி, கை நடுக்கம், குழந்தைக்காக மாத்திரை மாறுவது, மோர்ச் சட்டியைத் தட்டிவிட்ட கோபம். ஞானாம்பாள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப வெந்நி ஊத்தக் கூடாதா?"

"கூடாது. வாயில எதையும் வைக்கக் கூடாது. புடிச்சி அமுக்கக் கூடாது. ஒருக்களிச்சிப் படுக்க வச்சிட்டு, தலைக்கு அடியில துணி குடுத்துட்டுப் பக்கத்துல இருந்தா போதும். அஞ்சு நிமிஷத்துக்கு மேல நிக்கலன்னா ஆம்புலன்சு."

"சும்மா பாத்துகிட்டிருக்கணுமா?"

"ஆமாம் அத்தை."

ஞானாம்பாள் எழுந்து சமையலறைக்குள் போனாள்.

இளவரசுவிடம் கனிமொழியே சொன்னாள். அவன் கேட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான். திரும்பி வந்து ஹாலில் படுத்துக்கொண்டான். அப்புறம் வந்த நாட்களெல்லாம் அப்படித்தான். வீட்டில் யாரும் குரலை உயர்த்தவில்லை. அவன் வாசலில் நின்று போனில் தணிந்து பேசினால், கம்மாபுரத்துக்குத்தான் பேசுகிறானோ என்று இவள் காதைத் தீட்டிக்கொள்வாள். வடலூர்ப் பெரியம்மாவை வரவழைத்து உட்கார்ந்து பேசிவிடலாமா என்று ஒரு பேச்சு எழுந்து, முடிவில்லாமல் நின்றது. கனிமொழி மட்டும் டாக்டரம்மாவுக்குப் போன் செய்து கோபத்தைச் சொன்னாள். அவர் ஏற்றுகிற வேகத்தைக் குறைத்தார், கூடவே ஒரு வைட்டமின் மாத்திரையும் சேர்க்கச் சொன்னார். நிறுத்தவில்லை. பழைய மாத்திரையும் இறங்கிக்கொண்டிருந்தது. மேலே ஏறுகிறது ஒன்று, கீழே இறங்குகிறது ஒன்று, நடுவில் தன்னைப் பிடித்திருப்பது எது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பிளாஸ்க் மேசைமேலேயே இருந்தது. ஞானாம்பாள் பழக்கத்தில் தினமும் வெந்நீர் நிரப்பினாள். அதைக் கடந்து போகும்போதெல்லாம் கனிமொழி ஒரு முறை திரும்பிப் பார்ப்பாள். சொன்னது ஒரு தடவைதான். வந்தால், அந்த நேரத்தில், அந்தக் கைக்கு ஞாபகம் இருக்குமா? தண்ணீர் ஊற்றியே பழகிய கை.

மாசியில் ஒரு நாள், பள்ளி விடுமுறை. காலையில், முந்திய நாள் காய்ந்த துணிகளை ஹாலில் உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தாள். நாக்கில் இரும்பை நக்கிய மாதிரி ஒரு ருசி வந்தது. அது என்னவென்று அவளுக்கு வருடக்கணக்காக மறந்திருந்தது. இப்போது நினைவு வந்தது. "அத்தை" என்று கூப்பிட வாயைத் திறந்தாள். கூப்பிட்டாளா என்று தெரியாது.

மேசையின் கால்கள்தான் முதலில் தெரிந்தன. தரையில் ஒருக்களித்துக் கிடந்தாள். கன்னத்துக்கு அடியில் மெத்தென்று ஏதோ இருந்தது. மாமியாரின் துண்டு. நாக்கு கடிபட்டு வாயில் ரத்தம் ருசித்தது. கழுத்தைத் திருப்ப வலித்தது, கண்ணை மட்டும் மேலே உயர்த்தினாள். பிளாஸ்க் மேசைமேல் இருந்தது. மூடி மூடியே இருந்தது.

ஞானாம்பாள் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையையும் குறுக்கே கட்டி அக்குளுக்குள் செருகியிருந்தாள். இன்னும் எடுக்கவில்லை.

"வாயில... ஏதாச்சும்..." கனிமொழிக்குச் சொல் குழறியது.

"ஒண்ணும் ஊத்தல. கையக் கட்டிகிட்டுக் குந்தியிருந்தேன். எப்டிக் குந்தியிருந்தேன்னு எனக்குத்தான் தெரியும்."

அப்போதுதான் வலது உள்ளங்கையில் ஏதோ உறுத்துவது தெரிந்தது. விரல்கள் அதன்மேல் இறுகிப் போயிருந்தன. பார்த்தாள். இளவரசுவின் வண்டிச் சாவி.

அவன் கதவோரம் நின்றிருந்தான். முகம் வெளுத்து வேறு ஆள் மாதிரி இருந்தான். "இரும்பு குடுத்தா நிக்கும்னு சொல்வாங்க" என்றான். "அம்மா வாயில வைக்கக் கூடாதுன்னுச்சி. கையிலதான வச்சேன். தப்பா?"

அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று சொல்ல நினைத்தாள். தாடை வலித்தது. தலையை மட்டும் இல்லை என்று அசைத்தாள். அவன் வந்து அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தான். சொன்ன நாளிலிருந்து இவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை.

"இன்னும் எத்தினி வாட்டி வரும்?"

"தெரியல மாமா."

"மாத்திர மாறி முடிஞ்சா நின்னுடுமா?"

"அதுவும் தெரியல."

அவன் தலையாட்டினான். ஞானாம்பாள் மகனைப் பார்த்தாள், அப்புறம் பிளாஸ்க்கைப் பார்த்தாள். தன் கைகளை மெல்ல வெளியே எடுத்தாள்.

வாசலில் வண்டி நின்றது. அவன் வேலைக்குப் போக வேண்டிய நேரம் தாண்டியிருந்தது. கனிமொழி முயன்று விரல்களைப் பிரித்துச் சாவியை நீட்டினாள். சாவியின் பல் உள்ளங்கையில் ஆழமாகப் பதிந்திருந்தது. அவன் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினான். பிறகு என்ன நினைத்தானோ, அவள் விரல்களை ஒவ்வொன்றாக மறுபடி அதன்மேல் மடக்கிவிட்டான்.